பெயர் உங்களுடையது, கணக்கு யாருடையது?

இந்த வாரத் தபாலில் பாதிக்குமேல் வெப்சைட் கடிதங்கள். சொந்தப் பெயரில் பழைய தளம் வைத்திருந்தவர்கள், நிரல் (கோட்) எழுதாமல் மவுஸால் இழுத்து வைத்துக் கட்டும் பில்டர்களில் புதிதாகப் போடக் கிளம்பியிருக்கிறார்கள். சிலர் கட்டிவிட்டு எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

கே: என் ஓவியங்களைப் போட ஒரு தளம் வேண்டும். பில்டரின் இலவசத் திட்டமே போதுமா? – கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: போதும். முகவரியில் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அவர்கள் விளம்பரப் பட்டை நிற்கும். வேலை கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: 2019-இல் என் கட்டுரைகளுக்கு வெப்சைட் போட ஊர்த் தம்பி ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்தேன். புதுப்பிக்க வருடா வருடம் 3,000. இப்போது நானே ஒரு பில்டரில் புதிதாகக் கட்டியிருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது. பழைய முகவரியை அதோடு இணைக்கப் போனால், டொமைன் என்கிற அந்த முகவரி அவர் கணக்கில் இருக்கிறதாம். மாற்றித் தர 12,000 கேட்கிறார். அது என் சொந்தப் பெயர் ஐயா! – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை

ப: ஐயா, மாதம் தவறினாலும் இந்தக் கடிதம் எனக்குத் தவறுவதில்லை. எழுதுகிறவர்தான் மாறுகிறார். போன முறை டாக்டர், அதற்கு முன் நாதஸ்வரக் கலைஞர். எல்லாருடைய கதையும் ஒன்றுதான். தளம் போட்டுக் கொடுத்தவர் டொமைனைத் தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் பதிந்துவிடுவார். ஐந்தாறு வருடம் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கிற அன்று விலை சொல்வார். வீடு கட்டும்போது கொத்தனார் பெயரில் பத்திரம் எழுதுவோமா? சரி, டொமைன் பத்திரம்கூட இல்லை, குத்தகைதான். ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடத்துக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் குத்தகைக்காரர் என்று யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ, அவர் பேச்சுதான் எடுபடும். டிசைன், நிறம், மெனு எல்லாம் பிறகு.

சண்டைக்கு முன்னால் சரக்கை எடுங்கள். பழைய தளத்தின் ஒவ்வொரு கட்டுரையையும் இன்றே நகலெடுத்து வையுங்கள். கோபத்தில் தளத்தை அவர் அணைத்துவிட்டால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கங்கள் சில கிடைக்கலாம். எல்லாம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்து, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைத்திருக்கலாம். ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவானது, என்று காலாவதியாகிறது என்ற இரண்டும் தெரியும். காலாவதித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். உங்களுடையது டாட் காம் முகவரி. பதிவு உங்கள் பெயரில் இருந்து, கணக்கின் கடவுச்சொல் மட்டும் அவரிடம் இருந்தால் பாதி ஜெயித்தாயிற்று. உரிமையாளர் கேட்டால் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டை 5 நாளுக்குள் தர வேண்டியது பதிவு நிறுவனத்தின் கடமை. அடையாள அட்டையோடு அவர்களுக்கே எழுதுங்கள், தம்பியின் தயவு வேண்டியதில்லை.

பதிவே அவர் பெயரில் இருந்தால், 'உங்கள் பெயரில் எடுத்துத் தருகிறேன்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், நீங்கள் பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் திரட்டுங்கள். 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் போடுங்கள். அப்புறம் 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் வழிக்கு வராவிட்டால் அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவர் 12,000 கேட்ட செய்தியைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. டொமைனை மாற்றாமலே, முகவரி எந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று குறித்திருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளைத் திருத்தினால் பழைய முகவரியில் புதிய தளம் திறக்கும். பத்து நிமிட வேலை. அதை முதலில் செய்து தரச் சொல்லுங்கள். 12,000 ரூபாய் வேலை இதில் எந்த மூலையிலும் இல்லை.

கே: தளத்தில் பூட்டுக் குறி வர எஸ்எஸ்எல் சான்றிதழ் வருடத்துக்கு 4,500 ரூபாயாம். கட்டலாமா? – பள்ளத்தூர் வாசகர்

ப: வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான பில்டர்களில் தானாகவே வந்துவிடும்.

கே: ஒரு பில்டரின் பக்கத்தில் 'இன்றிரவு மட்டும் 60 சதவீதத் தள்ளுபடி' என்று கடிகாரம் ஓடியது. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து இப்போதுதான் வேலையை ஆரம்பித்தேன். கட்டிய தளத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? – புதுவயல் வாசகர்

ப: கிடைக்காது. பணத்தைத் திருப்பித் தரும் காலம் இந்தத் தொழிலில் பல இடங்களில் 14 நாள். நீங்கள் ஐந்து மாதம் திறந்தே பார்க்கவில்லை. புடவை எடுத்தால்கூடக் கடையிலேயே விரித்துப் பார்க்கிறோமே.

ஓடும் கடிகாரத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. போலி அவசரம் காட்டி விற்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், தான் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகத் தடுக்கிறது. மறுநாளும் அதே தள்ளுபடி ஓடிய படம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், பேசலாம். இருக்காது என்று தெரியும், என்னிடமும் இருந்ததில்லை. பழம்பொருள் கடை ஒன்றில் 'இந்த வாரத்தோடு மூடுகிறோம் அண்ணே' என்று சொல்லி ஸ்வீடன் எனாமல் தூக்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வீட்டில் புளி போட்டுக் கழுவியதும் அடியில் புத்தம் புது விலைச் சீட்டின் பசை. மூன்று வருடம் ஆகிறது, கடை இன்னும் மூடவில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'வெளியே போனால் எதை எடுத்துக்கொண்டு போகலாம்?' விக்ஸ் (Wix) என்ற பில்டரில் கட்டிய டிசைனை வெளியே எடுக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் பக்கங்களிலும் பதிவுகளிலும் ஒரு பகுதியைத் தரும். வெப்ஃப்ளோ கட்டணத் திட்டத்தில் தளத்தின் நிரலைத் தரும், ஆனால் படிவங்கள் வெளியே வேலை செய்யாது. வேர்ட்பிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு எங்கும் போகும், பராமரிப்புத் தலைவலியும் கூடவே வரும். பெரிய பெயர் என்பதும் காப்பு இல்லை. அடோபியின் மியூஸ் இப்படி இழுத்து வைத்துக் கட்டும் கருவிதான், 2020 மார்ச்சில் ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை இன்றே அணையுங்கள். அதையாவது செய்யுங்கள்.

கே: வீடுகளைப் படம் எடுப்பவன். புதிய தளம் லேப்டாப்பில் பிரமாதம், போனில் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. பில்டர் மோசமா? – கானாடுகாத்தான்

ப: உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்புத் தூண்கள், வளவின் ஆத்தங்குடித் தரை, எல்லாம் அழகு. முதல் பக்கத்தில் 40 படம், ஒவ்வொன்றும் 8 எம்பி. மொத்தம் 320 எம்பியை வாசகர் தலையில் இறக்குகிறீர்கள். சில பில்டர்கள் தாமே சுருக்கும், உங்களுடையது சுருக்கவில்லை. அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் படம் ஒன்று 300 கேபி அளவில் நிற்கும். முதல் பக்கத்துக்கு 8 படம் போதும். போனுக்கான தோற்றத்தைப் பில்டரில் தனியாகத் திறந்து சரிசெய்ய வேண்டும், உங்கள் தலைப்பு இப்போது தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வீட்டிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ, அதில் சோதியுங்கள்.

கே: பழைய தளத்துக் கட்டுரைகளைப் புதியதில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. – கண்டனூர் வாசகர்

ப: அது பாமினி என்ற பழைய எழுத்துரு. இலவச மாற்றி ஒன்றில் போட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடாக்குங்கள், பிறகு ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். பில்டரில் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது தமிழ் உள்ளதாகப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றும் நன்றாக இருக்கும். தமிழ் இல்லாத எழுத்துருவை எடுத்தால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு முகம் காட்டும்.

கே: சீப்புச் சீடை, மனகோலம் செய்முறை எழுதி வைக்கப் பேரன் தளம் போட்டுக் கொடுத்தான். இப்போது 'டொமைன் முடிகிறது, 6,800 ரூபாய் உடனே கட்டவும்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. – கோட்டையூர்

ப: ஆச்சி, கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். பணம் கேட்பவர்கள் உங்கள் பதிவு நிறுவனமே இல்லை. சின்ன எழுத்தில் 'இது பில் அல்ல' என்றுகூடப் போட்டிருக்கிறார்கள், தேடுபொறியில் சேர்க்கும் கட்டணமாம். அந்த மின்னஞ்சலில் உள்ள எந்தச் சுட்டியையும் தொடாதீர்கள். பேரனை நேராகக் கணக்குக்குள் போய்த் தேதி பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்றும் கேளுங்கள், பேரனானாலும்.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுக்கு வெப்சைட் இருக்கிறதா? – பெயர் வேண்டாம், காரைக்குடி

ப: இருந்தது. 'ஆயுள் சந்தா, ஒரே தடவை 5,999' என்றார்கள். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. 14 மாதத்தில் நிறுவனம் போனை எடுப்பதை நிறுத்தியது, டொமைனும் அவர்களோடு போயிற்று. இப்போது என் பெயரைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வருகிறது. பொங்கலுக்குப் பொங்கல் என் மைத்துனர் அதைத் திறந்து எல்லாருக்கும் காட்டுகிறார்.