மலைக்கு எந்த டெக்னாலஜி எடுபடும்? லிங்க் பட்ஜெட் கேள்வி பதில்

நம்ம நீலகிரிக்குப் புது வயர்லெஸ் பிராட்பேண்ட் வருது, ஒரே டவர் பத்து கிலோமீட்டர் எடுக்கும்னு பேச்சு ஓடுதுல்ல, அதைப் பத்திக் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். ரேடியோ பிளானிங்ல வேலை பார்த்தவன், ஊட்டி மஞ்சூர் ரோட்டுல வண்டில போயிக்கிட்டே சிக்னல் அளக்குற டிரைவ் டெஸ்ட் எடுத்தே பாதி நாள் போச்சு. வந்த கேள்விகளுக்கு வரிசையா சொல்றேன்.

கோத்தகிரி தம்பி: லிங்க் பட்ஜெட்னா என்னண்ணா?

வரவு செலவுக் கணக்குதான், ரூபாய்க்கு பதிலா டிபி, அதாவது டெசிபல், சிக்னல் கூடுறதையும் குறையிறதையும் அளக்கிற அலகு. டவர் பவர், ஆன்டெனா சிக்னலை ஒரு பக்கமாக் குவிக்கிறதால வர்ற கெயின் ரெண்டும் வரவு. கேபிள்ல போறது, தூரத்துல போறது, சுவர்ல போறது எல்லாம் செலவு. கடைசில மிஞ்சுறது ரிசீவருக்குப் பத்தணும், அவ்ளோதான்.

குன்னூர் அக்கா: எங்க எஸ்டேட் லைன்ல டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா பையன் ஹோம்வொர்க் போட்டோ அனுப்பினா சுத்திக்கிட்டே இருக்கு. ஏன் தம்பி?

அக்கா, டவர் பேசுறது உங்களுக்குக் கேக்குது, உங்க போன் பேசுறது டவருக்குக் கேக்கல. டவர் 40 வாட்ல கத்தும், அதாவது 46 டிபிஎம் (பவரை டிபி கணக்குல சொல்ற அலகு), போனுக்கு 23 டிபிஎம்தான், வெறும் 0.2 வாட். 200 மடங்கு வித்தியாசம். போன்ல தெரியிற கோடு டவர்ல இருந்து வர்ற சிக்னலை மட்டும்தான் காட்டும். அதுக்கு மேல தகர ஷீட் கூரை வேற. யார் எந்த டெக்னாலஜியைக் கொண்டு வந்தாலும் நான் முதல்ல பாக்குறது போன்ல இருந்து டவருக்குப் போற அப்லிங்க் கணக்கைத்தான், தூரம் முடியிறது பெரும்பாலும் அங்கதான்.

கூடலூர்: மூடுபனிதான் சிக்னலைக் குடிக்குதுங்கறாங்களே?

இல்லைங்க, போன் ஓடுற பேண்ட்ல பனியால பெருசா ஒண்ணும் ஆகாது. நனைஞ்ச சில்வர் ஓக் இலை தடுக்கும், அது நிஜம். அடைமழைன்னா டவருக்கும் டவருக்கும் நடுவுல போற மைக்ரோவேவ் லிங்க்தான் அடி வாங்கும்.

மஞ்சூர்: 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் நல்லதா 2300 நல்லதா?

மலைக்கு 700 மெகாஹெர்ட்ஸ். தடையே இல்லாத வெட்டவெளில ஒரு கிலோமீட்டருக்கு 700ல சுமார் 89 டிபி போகும், 2300ல 100 கிட்ட. அந்த 10 டிபி பெரிய காசு. மலை முகடு மறைச்சா அதுக்கு மேலயும் செலவு, பார்வைக்கோடு முகட்டை உரசிட்டுப் போனாலே 6 டிபி போயிடும், முகட்டுக்குக் கீழ பள்ளத்துல இறங்க இறங்க இன்னும் ஏறும், அங்கயும் 700தான் கொஞ்சம் வளைஞ்சு வரும்.

ஊட்டி: ரெண்டு ப்ரொபோசல் இருக்கு சார், ஒண்ணு ஒரு டவர் 4 கிலோமீட்டர் எடுக்கும்ங்குது, இன்னொண்ணு 9. எதை நம்புறது?

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. செல் ஓரத்துல, அதாவது டவர் எட்டுற எல்லைல, என்ன ஸ்பீடுன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. ஸ்பீடு குறைஞ்சா கம்மி சிக்னலே போதும், அதனால ஒருத்தர் 1 மெகாபிட்டுக்குக் கணக்குப் போட்டு இன்னொருத்தர் 64 கிலோபிட்டுக்குப் போட்டிருந்தா அங்கயே 12 டிபி வந்துடும், தூரத்துல அது ரெண்டு மடங்குக்கும் மேல, டெக்னாலஜி ஒண்ணாவே இருந்தாலும் சரி. அப்புறம் ஷேடோ மார்ஜின், அதாவது சிக்னல் ஆடுறதுக்காக முன்னாடியே ஒதுக்கி வெக்கிற டிபி. மேடு பள்ளத்தால சிக்னல் 8 டிபி அளவுக்கு ஆடும்னு வெச்சா, ஓரத்துல 90 சதவீத இடத்துல கிடைக்க 10 டிபி ஒதுக்கணும், 95க்கு 13. ஒருத்தர் 50 சதவீதத்துக்குப் போட்டா மார்ஜினே பூஜ்யம், பேப்பர்ல தூரம் அழகாத் தெரியும், பாதி இடத்துல போன் செத்துக் கிடக்கும். வீட்டுக்குள்ள நுழையிற செலவைச் சேர்த்தாங்களான்னும் பாருங்க. இது எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வராம 4ஐயும் 9ஐயும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாது, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு, ஏன்னா தப்பாப் போட்ட கணக்குக்கு வருஷக்கணக்கா அவஸ்தைப்படுறது ஹட்டி (படுகர் ஊர்) ஜனங்கதான்.

கோத்தகிரி தம்பி: 5ஜில இதுக்கு வழி இருக்காண்ணா?

இருக்கு. ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 5ஜியை மதிப்பிட வெச்ச சோதனைல, 700ல டவருக்கு டவர் 6 கிலோமீட்டர் இடைவெளின்னு ஒரு கிராமப்புறக் கணக்கு சேர்ந்ததே இந்தியா வற்புறுத்தினதாலதான். சென்னை ஐஐடி ஆளுங்களும் அதுல உழைச்சிருக்காங்க. போன் அனுப்புற சிக்னலோட உச்சத்தை மட்டுப்படுத்தினா அதே ஆம்ப்ளிஃபையரை இன்னும் பலமா ஓட்டலாம், 23க்கு பதிலா 26 டிபிஎம். 3 டிபின்னா பவர் ரெண்டு மடங்கு, அதுவும் குன்னூர் அக்கா போன் திணறுற அதே அப்லிங்க்ல. ஆனா போனும் அதுக்கு ஏத்த போனா இருக்கணும், வாங்கறப்ப கேட்டு வாங்குங்க.