மாட்டுத்தொழுவம் நல்லதா, விறகடுப்பு கெட்டதா?

கேள்வி: எனக்கு வயது 28, ஆறு மாதக் கர்ப்பம். சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. நான்கு வயதாகும் மூத்த பையனுக்கும் அடிக்கடி இழுப்பு வருகிறது, முழங்கை மடிப்பில் கரப்பானும் இருக்கிறது. அடுத்த மாதம் கட்டுச்சோறு முடிந்ததும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே மாடுகள், கோழிகள், விறகடுப்பு எல்லாம் உண்டு. அந்தத் தூசியும் சாணமும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் கணவர். மாட்டோடு இருந்தால் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறான் தம்பி. நான் இருக்கும் இடம் குழந்தையின் எதிர்ப்பு சக்தியை உண்மையிலேயே மாற்றுமா? கர்ப்பம் என்று தெரிந்ததும் இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். அது சரிதானே?
– வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். இன்ஹேலரை நிறுத்தியது சரியில்லை. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். புடெசோனைடு போன்ற இன்ஹேலர் மருந்துகளைப் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிறோம். குழந்தைக்குக் கெடுதல் வருவதாகத் தெரியவில்லை. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாதான் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உங்களுக்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். அக்கம்பக்கத்தில் யாராவது "மாசமா இருக்கும்போது பஃப் அடிக்காதே" என்று சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி, இருக்கும் இடம் மாற்றுமா என்ற கேள்வி. மாற்றும்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் பிறக்கும் வரை தூங்கிக்கொண்டிருப்பதில்லை. தாயின் செல்கள் சில நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் நிணநீர்க் கணுக்களிலேயே போய்த் தங்குகின்றன. அவற்றை எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்க, 'அடக்கி வாசி' என்று மற்ற செல்களுக்குச் சொல்லும் ஒரு வகை டி செல்களை (இவை ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) குழந்தை நிறையவே உருவாக்கிக்கொள்கிறது. எதைத் தாக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அலர்ஜி என்பது பொறுத்துக்கொள்ள வேண்டியதைத் தாக்குவதுதான். தாய் சுவாசிப்பதும் சாப்பிடுவதும், அவளுக்கு வரும் தொற்றுகளும், அவள் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் ஏதோ ஒரு அளவில் இந்தப் பழக்கத்தைத் தொடுகின்றன. பாக்டீரியாவே குழந்தையிடம் போய்ச் சேர வேண்டும் என்றுகூட இல்லை. குடலில் எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த சினை எலிகளுக்கு, தானாகவே சீக்கிரம் அழிந்துவிடும் ஒரு பாக்டீரியாவைக் கொடுத்து சுவிட்சர்லாந்தில் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அந்த பாக்டீரியாவை ஒருபோதும் சந்திக்காத குட்டிகளின் குடலில்கூட எதிர்ப்புச் செல்கள் கூடியிருந்தன.

உங்கள் தம்பி காட்டிய செய்திக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பண்ணைக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பமாக இருந்தபோது தொழுவத்தில் வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அலர்ஜிக்கான அறிகுறி ரத்தத்தில் குறைவாக இருந்தது. கிருமிகளை அடையாளம் காணும் ஏற்பிகள் அவர்கள் ரத்தச் செல்களில் அதிகமாக வேலை செய்தன. தாய் எத்தனை வகைக் கால்நடையோடு பழகினாளோ, அத்தனைக்கு அந்த ஏற்பிகளின் வேலையும் கூடியது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள் இருக்கின்றன. இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை, மரபணுவில் நெருங்கியவை. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடு வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்கிறார்கள். ஹட்டரைட் மக்களுடையது இயந்திரமயமான பெரும்பண்ணை. ஆமிஷ் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா, ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதம்.

ஆனால் தம்பி அவசரப்பட வேண்டாம். அந்த ஐரோப்பியத் தாய்மார்கள் இரண்டு மாதம் விருந்துக்குப் போனவர்கள் இல்லை. ஆண்டு முழுவதும் அங்கேயே வேலை செய்பவர்கள். ஆமிஷ் குழந்தைகள் பிறந்த பிறகும் அந்தத் தொழுவத்திலேயே விளையாடி வளர்பவர்கள். ஏழாம் மாதத்தில் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதே பலன் வரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அதை ஒரு மருந்தாக நான் எழுதித் தரமாட்டேன்.

கணவர் சொல்வதிலும் பாதி சரி. சாணத்தின் வாடையாலோ வாசலில் மாடு நிற்பதாலோ பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களுக்கு ஆஸ்துமா. வைக்கோல் உதறுவது, கோழிக் கூண்டைக் கூட்டுவது போன்ற வேலைகள் உங்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். அவற்றை மற்றவர்கள் செய்யட்டும். மாடோ ஆடோ கன்று, குட்டி போடும்போது உதவிக்குப் போகாதீர்கள். கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் பக்கமும், நஞ்சுக்கொடி விழுந்த இடத்துக்கும் போகவே வேண்டாம். புருசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் என்ற கால்நடைத் தொற்றுகள் இரண்டும் அப்படிப் பரவக்கூடியவை, கர்ப்பத்தையும் பாதிக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடித்தால் பலம் என்று பெரியவர்கள் யாராவது டம்ளரை நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, இந்த இருவரும் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த விறகடுப்புதான்.

2019இல் பெல்ஜியத்தில், பிரசவமான தாய்மார்களின் நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழந்தை இருக்கும் பக்கத்திலேயே கரித் துகள்கள் இருந்தன. தாய் சுவாசித்த காற்றில் இருந்த கரி நுரையீரலைத் தாண்டி அதுவரை போயிருக்கிறது. கர்ப்ப காலத்தில் புகையையும் மாசுபட்ட காற்றையும் அதிகம் சுவாசித்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு இழுப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அதிலும் தாயின் சிகரெட் பற்றிச் சந்தேகமே இல்லை. நம் ஊரிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஆய்வில், காற்றில் நுண்துகள் கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை சிறிது குறைந்தது. அப்புறம், இந்தியா உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் அது நடந்தது விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். வீட்டில் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்த மாதிரி பிறப்பு எடை கூடவில்லை, குழந்தைகளின் நிமோனியாவும் குறையவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களை கேஸுக்கு மாறச் சொல்வது நியாயமாகாது. இருந்தாலும் ஆஸ்துமா உள்ள ஒரு கர்ப்பிணிக்கு நான் புகையை அனுமதிக்கமாட்டேன். உங்கள் மூச்சுக் குழாய் ஒன்றே போதுமான காரணம். நீங்கள் இருக்கும் வரை அம்மா எல்லாச் சமையலையும் கேஸில் செய்யட்டும். காபிக்கு மட்டும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்ற கணக்கு வேண்டாம். வெந்நீர் அடுப்பு வீட்டைவிட்டுத் தள்ளி வெளியே இருந்தால் பரவாயில்லை. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கணவரோ அப்பாவோ பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால், சாணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை நிறுத்தட்டும்.

குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியை நேராகவே கொடுக்கும் வழி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. கட்டுச்சோறு என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள்தான் குழந்தைக்கு நீங்கள் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு. நஞ்சுக்கொடி அதைத் தேடிப் பிடித்துக் குழந்தைக்கு அனுப்புகிறது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் போகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் அது தாயைவிட அதிகமாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு முழுப் பங்கு கிடைப்பதில்லை. பிறந்த பிறகு சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும். உங்களிடம் என்ன இருக்கிறதோ அதுதான் போகும் என்பதால், இப்போது போடும் ஊசிக்கு மதிப்பு அதிகம். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருப்பார்கள். கக்குவான் இருமலுக்கும் சேர்த்து டிடாப் என்று ஒன்று உண்டு, 27 முதல் 36 வாரங்களுக்குள் போட வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும். இங்கிலாந்தில் 2012இல் கக்குவான் பரவிக் கைக்குழந்தைகள் இறந்தபோது, கர்ப்பிணிகளுக்கு இதைப் போடத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது சுமார் 90 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்தது. ஃப்ளூ ஊசியையும் கேளுங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்கு அந்த ஊசி போட முடியாது, உங்கள் வழியாகப் போனால்தான் உண்டு.

சாப்பாட்டில் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. அலர்ஜி வரும் என்று பயந்து கர்ப்பிணிகள் வேர்க்கடலை, முட்டையைத் தவிர்ப்பதால் குழந்தைக்குப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் மீன் சாப்பிடுபவரா? டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கடைசி மூன்று மாதங்களில் மீன் எண்ணெய் கொடுத்தபோது, பிள்ளைகளுக்குத் தொடர்ந்து வரும் இழுப்பு 23.7 சதவீதத்திலிருந்து 16.9 சதவீதமாகக் குறைந்தது. மீன் சத்து உடம்பில் குறைவாக இருந்த தாய்மார்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரே ஆய்வை வைத்து எல்லாருக்கும் மாத்திரை எழுத எனக்கு மனமில்லை. வாரம் இரண்டு முறை மத்தி, நெத்திலி குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். கடையில் விற்கும் 'எதிர்ப்பு சக்திப் பொடி' எதுவும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் இந்தக் குழந்தைக்கு வீசிங் வராது என்று என்னால் சொல்ல முடியாது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. மூத்தவனுக்கு வந்தது நீங்கள் அப்போது ஏதோ தப்புச் செய்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

ஆகவே தாராளமாக அம்மா வீட்டுக்குப் போங்கள். இன்ஹேலரையும் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் அங்கே போய்ச் சேர்ந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள். குழந்தை பிறந்ததும் கழுதைப் பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி காட்ட யாராவது தூபக்காலோடு வந்தால், துண்டால் துவட்டினாலே போதும் என்று சொல்லிவிடுங்கள். மூத்தவன் கன்றுக்குட்டியோடு விளையாடட்டும், அவனுக்கு இழுப்பு வராத வரை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.