ஸ்பேனர் பதில்கள்: மலிவாகக் கிடைத்த செயின்சா

பழைய செயின்சா, அதாவது எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பம் பற்றி வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஜெனரேட்டர்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கேள்வி: ஐயா, பழைய செயின்சா ஒன்று வாங்கினேன். புதியதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்தேன். விற்றவர், "போன வருஷம்கூட ஓடியது. கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்" என்றார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்வலிதான் மிச்சம். கார்ப்புரேட்டர், பிளக், காயில் மூன்றையும் புதிதாக வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஸ்பேனரும் டார்ச்சும் போதும்.

கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்தால் ஓடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், அதைச் செய்து, ஓட்டிக் காட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருப்பாரே? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், தாராளமாகப் பாருங்கள். இந்த மாட்டுக்குப் பல் சைலன்சருக்குப் பின்னால் இருக்கிறது.

சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் தெரியும். பிளக்கையும் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போவது துவாரம் வழியே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசலின்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் பிஸ்டனின் பக்கத்தில் இன்னும் அழியாமல் இருந்தால் உங்களுக்கு யோகம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால், அல்லது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பிஸ்டனோடு ஒட்டி அசையாமல் கிடந்தால், எத்தனை கார்ப்புரேட்டர் மாற்றினாலும் பயனில்லை.

கீறல் எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். புகை போகும் பக்கம் மட்டும் கீறியிருந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் சூடேறி இறுகியிருக்கிறது. கார்ப்புரேட்டர் பக்கம் கீறியிருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே தூசி உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுவேன். பழைய சொந்தக்காரர் சொல்லாமல் விட்டதைப் பிஸ்டன் சொல்லிவிடும்.

கீறல் இல்லையா? பிளக்கைத் திரும்ப மாட்டி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்க விடுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்றும் அழுத்தம்) இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தயங்கித் தயங்கி இறங்கும். தடையே இல்லாமல் சரேலென்று இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. எளிதாக ஸ்டார்ட் செய்ய அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் பொத்தான் உள்ள மாடலில் அதை அழுத்தாமல் பாருங்கள். மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. 150 பிஎஸ்ஐ காட்டினால் எஞ்சின் திடமானது. 100-க்குக் கீழே வந்தால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம்.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து, அதன் உலோக உடல் சிலிண்டரில் பட வையுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். கயிற்றை இழுத்தும் பொறி வரவில்லை என்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை உடனே வாங்க ஓடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் காயிலிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் குற்றவாளி சுவிட்சோ, தோல் உரிந்து உடலில் உரசும் அந்த வயரோதான். காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே பொதுவாக 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு.

பொறியும் கம்ப்ரஷனும் இருந்தால்தான் கார்ப்புரேட்டரின் முறை வருகிறது. பிளக் துவாரத்தில் சில சொட்டு ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். வளைத்த கம்பியால் டேங்கிலிருந்து ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். பழைய மெஷின்களில் பெரும்பாலும் அந்த ரப்பர் டியூப் விரிந்து வெடித்திருக்கும், சில நேரம் கையோடு வந்துவிடும். டியூப் நன்றாக இருந்தால் கார்ப்புரேட்டருக்குள் இருக்கும் இரண்டு டயாஃப்ரம்களை (மெல்லிய சவ்வுகளை) பாருங்கள். துணிபோல் தொய்யாமல் விறைத்து நின்றால், டயாஃப்ரமும் ஊசியும் அடங்கிய கிட் மட்டும் வாங்கி மாற்றுங்கள். முழு கார்ப்புரேட்டர் தேவைப்படுவது அபூர்வம்.

கேள்வி: என் செயின்சாவின் பிஸ்டன் கீறியிருக்கிறது. சிலிண்டர், பிஸ்டன் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சிலிண்டரைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. நல்ல செயின்சாக்களின் சிலிண்டர் உட்புறத்தில் குரோம் அல்லது நிக்கல் சார்ந்த கடினமான பூச்சு இருக்கும். கீறலாகத் தெரிவது பல நேரம் பிஸ்டனிலிருந்து உரிந்து அப்பிக்கொண்ட அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த அப்பலின்மேல் மட்டும் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். அமிலம் அலுமினியத்தைத் தின்னும், நிக்கல் பூச்சை எளிதில் தொடாது. குரோம் பூச்சை மட்டும் அரித்துவிடும், அதில் இதைச் செய்யாதீர்கள். ஆனால் சிலிண்டரின் உடலும் அலுமினியம்தான்! துவாரங்களின் ஓரத்திலோ, பூச்சு உரிந்த இடத்திலோ பட்டால் அதையும் அரித்துவிடும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். நுரை அடங்கியதும் தண்ணீரில் நன்றாக அலசி, காய வைத்து, நகத்தால் தடவுங்கள். நகம் எங்கேயும் மாட்டவில்லை என்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புது பிஸ்டனும் ரிங்கும் போடலாம். மாட்டினால் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பிஸ்டன் ஏன் கீறியது? அதற்குப் பதில் தெரியாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே கதிக்குப் போகும். நான் முதலில் சந்தேகப்படுவது காற்றுக் கசிவை. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் சீல், கார்ப்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் இரண்டும் வயதானால் வெடிக்கும். அந்த வழியே கூடுதல் காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அடங்காமல் சில நொடி கூவினால், ரம்பத்தைச் சாய்க்கும்போது ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகம்) மாறினால், கசிவு இருக்கக்கூடும். சிலிண்டரின் இரு வாயையும் ரப்பர் தாளால் அடைத்து, கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். அதே அளவு வெற்றிடத்திலும் சோதிக்க வேண்டும். சில சீல்கள் வெளியே விடாது, உள்ளே இழுக்கும். இந்தச் சோதனையைச் செய்ய அலுத்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் பிஸ்டன் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைக் கோத்திருக்கும் பின்னை (pin) பிடிக்கும் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். வேலை முடியும்வரை கிராங்க் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடு) வாயில் ஒரு துணியை அடைத்து வையுங்கள். வளையம் துள்ளி உள்ளே விழுந்தால் பாதி நாள் போய்விடும்.

கேள்வி: நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது. ஏன்?

பதில்: நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளிழுத்து, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. செலவு மிகக் குறைவு. மூடியைத் திறந்தும் பயனில்லை, அந்த நேரத்தில் பொறியும் வரவில்லை என்றால் சூட்டில் காயில் படுக்கிறது. அப்போது காயில் வாங்கலாம்.

கேள்வி: கார்ப்புரேட்டரில் உள்ள ஹெச் திருகை இறுக்கினால் வேகம் கூடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யட்டுமா?

பதில்: வேகம் கூடும், ஆயுள் குறையும். அந்தத் திருகை இறுக்குவது பெட்ரோலைக் குறைப்பது. பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கரகரப்பாக, விட்டுவிட்டு வர வேண்டும். மரத்தில் வைத்ததும் அது தெளிந்து ஒரே சீராக மாற வேண்டும். வெறுமனே ஓடும்போதே கணீரென்று கூவினால் உடனே திருகைத் தளர்த்துங்கள். காதை நம்பாதவர்கள் எஞ்சின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் வைத்து, அந்த மாடலின் கையேட்டில் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். நண்பரிடம் அவருடைய பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எஞ்சின் பிரமாதம். ஆனால் அறுப்பு கோணலாகப் போகிறது, தூள் தூளாக வருகிறது, புகையும் கிளம்புகிறது.

பதில்: தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. கூரான சங்கிலி சீவலாகத் தள்ளும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், ஒரு மரவண்டின் புழு கட்டையைக் குடைவதைக் கவனித்தார். மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடினாலும் கவலைப்படாமல், இரண்டு தாடையால் இடமும் வலமும் செதுக்கிக்கொண்டே போனதாம் புழு. அடுத்த ஆண்டே அந்த அமைப்பில் சங்கிலி செய்து விற்கத் தொடங்கினார். இன்று உங்கள் சங்கிலியில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி இருப்பது அந்தப் பரம்பரை. ஒரு பக்கப் பற்கள் மழுங்கியோ தேய்ந்தோ போனால், அறுப்பு கூரான பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கோணலுக்கு அதுதான் காரணம்.

உருண்டை அரத்தின் பருமன் சங்கிலிக்குப் பொருந்த வேண்டும். சங்கிலியின் அளவு அங்குலத்தில் இருக்கும்: சிறிய 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம், .325-க்கு 4.8, பெரிய 3/8-க்கு 5.5. கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. எல்லாப் பல்லும் ஒரே நீளத்துக்கு வரும்வரை ராவுங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் தாழ்த்த வேண்டும். பல்லின் முனையைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தால் போதும். அதிகம் தாழ்த்தினால் ரம்பம் துள்ளும்.

சங்கிலி சரியாக இருந்தும் கோணல் போனால், சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பார் தேய்ந்திருக்கிறது. அதன் இரு விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் அரம் வைத்துச் சமப்படுத்துங்கள், பள்ளத்தில் அடைந்த அழுக்கைச் சுரண்டுங்கள், ஆயில் துவாரத்தைக் குத்தி விடுங்கள். புகைக்கு அந்தத் துவாரம்தான் காரணமாக இருக்கும். வெளிர் நிறக் கட்டைக்கு எதிரே பார் முனையைத் தொடாமல் பிடித்து வேகமாக ஓட்டினால் ஆயில் கோடு விழ வேண்டும்.

கேள்வி: முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் தடுப்பு உடைந்திருக்கிறது. அது இல்லாமலும் ஓட்டலாம் என்று விற்றவர் சொன்னார்.

பதில்: அவர் ஓட்டப்போவதில்லையே. பார் முனையின் மேற்பகுதி கட்டையில் பட்டால் ரம்பம் கண் இமைக்கும் முன் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவது அந்தப் பிரேக் ஒன்றுதான். மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படியே கீழே பாருங்கள், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கியும் பல பழைய மெஷின்களில் இருக்காது.

கேள்வி: கிளட்ச் கழலவே மாட்டேன் என்கிறது. பலம் கொண்ட மட்டும் இடப்பக்கம் திருப்புகிறேன்.

பதில்: இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச்சுக்கு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் சுற்றாமலிருக்க பிளக் துவாரத்தில் ஸ்குரூடிரைவரைச் சொருகாதீர்கள், பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். பருத்த கயிற்றை உள்ளே திணித்து, ஒரு நுனியை வெளியே விட்டு வையுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில்?

பதில்: 50-க்கு 1 என்றால் 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25, 25-க்கு 1 என்றால் 40. உங்கள் மெஷினுக்கு எது என்பது கையேட்டிலோ மூடியிலோ இருக்கும். டூ ஸ்ட்ரோக் ஆயில்தான், கார் எஞ்சின் ஆயில் ஆகாது.

கேள்வி: இதுவரை செலவழித்ததற்குப் புதிதே வாங்கியிருக்கலாம் என்கிறாள் என் தங்கை.

பதில்: கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால், அல்லது கிராங்க் கேஸ் விரிசல் விட்டிருந்தால், தங்கை சொல்வதைக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், அதே தரத்தில் ஒரு புது ரம்பத்தின் விலையை அவருக்குக் காட்டுங்கள்.