கேமராவில் பெரிதாகும் மூக்கு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் வகுப்புத் தோழிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, தன் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று அழுகிறாள். பொங்கலன்று குடும்பப் படத்தில் நிற்க மறுத்துவிட்டாள். மூக்கைச் சிறிதாக்க அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறாள். கணவர் கோபத்தில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து அவள் எங்களோடு பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதலில் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அழுதுகொண்டே மனதில் இருப்பதைச் சொன்ன பெண்ணுக்குக் கிடைத்தது தண்டனை. அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

அடுத்து, ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் போனை வைத்து அவளை ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஐந்தடி தள்ளி நின்று, முகம் அதே அளவு தெரியும்படி பெரிதாக்கி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளியில் ஆலோசகராக இருந்தபோது வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து இதை மாணவிகளோடு செய்து பார்ப்பேன். முதல் படத்தில் மூக்கு புடைத்து, காதுகள் பின்னால் ஒதுங்கியிருக்கும். இரண்டாவது படத்தில்தான் பக்கத்து பெஞ்சுத் தோழிக்குத் தினமும் தெரிகிற முகம் இருக்கும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டே சொன்னார்கள்: ஐந்தடி தூரத்துப் படத்தோடு ஒப்பிட்டால், ஓரடி தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. காதைவிட மூக்கு லென்ஸுக்கு அருகில் இருக்கிறது. ஓரடித் தூரத்தில் அந்தச் சில அங்குல வித்தியாசம் மிகப் பெரியது. உங்கள் மகள் வெறுப்பது தன் மூக்கை அல்ல, அந்த ஓரடியை.

தோழிகளின் படங்கள் மட்டும் எப்படி அழகாக வருகின்றன என்று அவள் கேட்பாள். பதில் அவளுக்கே தெரியும். எந்த ஃபில்டர் மூக்கைக் குறுக்குகிறது, எது தோலை வழவழப்பாக்குகிறது என்று உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நீங்கள் மாணவியாக உட்காருங்கள். அறிவுரை வேண்டாம்.

நடிகையின் முகத்தைப் பார்த்து அழாதவள் தோழியின் முகத்தைப் பார்த்து ஏன் அழுகிறாள்? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதிவிட்டார்: மனிதர்கள் பெரும்பாலும் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிடுகிறார்கள். ஒரே வயது, ஒரே சீருடை, ஒரே ஊர். அதனால்தான் வலி அதிகம்.

இப்போது சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். மூக்கைப் பற்றி அவளிடம் முதலில் பேசியது யார்? வீட்டுக்கு வந்த அத்தையா, 'சப்பை மூக்கி' என்று செல்லமாக அழைத்த பாட்டியா? 'உன் சித்தி மகளைப் பார், எவ்வளவு களையாக இருக்கிறாள்', 'பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்' என்பதெல்லாம் நம் வீடுகளில் அன்றாடப் பேச்சு. ஒப்பிடும் பழக்கத்தைப் போன் புதிதாகக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்ததை இருபத்து நான்கு மணி நேரமும் நடத்துகிறது. உறவினர் யாராக இருந்தாலும், அவள் உடலைப் பற்றி அவள் முன்னால் பேசக் கூடாது என்று நீங்களே நேராகச் சொல்லிவிடுங்கள். கணவரும் உடன் நிற்க வேண்டும்.

எந்தத் தோழியின் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்த்தால் மனம் சுருங்குகிறதோ, அதன் பதிவுகள் தன் திரையில் வராதபடி அவளே 'மியூட்' செய்யட்டும். நட்பு முறியாது, அந்தத் தோழிக்குத் தெரியவும் தெரியாது. நேரத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வில், சமூக ஊடகங்களை நாளுக்கு அரை மணி நேரமாகக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மூன்றே வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் முழுவதுமாக விட்டுவிடவில்லை என்பதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சாப்பிட மறுத்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்றாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பொறியியல் முடித்து ஓராண்டாக வேலை தேடுகிறேன். லிங்க்ட்இன்னைத் திறந்தாலே நண்பர்களின் பணி நியமனப் படங்கள். அன்று முழுவதும் விண்ணப்பம் போடவே மனம் வருவதில்லை.
– வாசகர், கோவை

பதில்: தம்பி, வேலை கிடைத்தவர் படம் போடுவார், நேர்முகத் தேர்வில் தோற்றுத் திரும்பியவர் போடமாட்டார். நீங்கள் பார்ப்பது பாதிக் கணக்கு. காலையில் விண்ணப்பங்களை முடித்த பிறகே அந்தச் செயலியைத் திறங்கள். அந்த நண்பர்களில் நெருக்கமான ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை இடங்களில் நிராகரித்தார்கள், எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று கேளுங்கள். படத்தில் இல்லாத அந்த விவரம்தான் உங்களுக்கு வேண்டியது.