சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரிசோதனை அறிக்கையில் ஏன் இரண்டு மரபணு மாற்றங்கள் எழுதியிருக்கிறார்கள்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் டாக்டர் 'மியூகோவிசிடோஸ்' என்று சொல்வது இந்த நோயைத்தான். சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் ஒரு பிரதி அம்மாவிடமிருந்தும் இன்னொன்று அப்பாவிடமிருந்தும் வருகிறது. இரண்டுமே பழுதானால்தான் நோய் வரும். அதனால்தான் அறிக்கையில் இரண்டு மாற்றங்கள்.

சரி, அவற்றின் பெயர் எதற்கு? செல்லின் சுவரில் உப்பு போய்வர ஒரு கதவு வேண்டும். அதைச் செய்யும் முறைதான் இந்த மரபணுவில் இருக்கிறது. உலகில் அதிகம் காணப்படும் எஃப்508டெல் மாற்றத்தில் கதவு கோணலாக வருகிறது. இந்தத் தீவில் பலரிடம் இருக்கும் ஒய்122எக்ஸ் மாற்றத்திலோ, 1480 துண்டுகளில் 121-ஐ மட்டும் கோத்துவிட்டுத் தச்சர் கிளம்பிவிடுகிறார். கோணல் கதவை இழைத்து மாட்டலாம்; கஃப்ட்ரியோ மாத்திரை ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. கதவே இல்லையென்றால் எதை இழைப்பது? இரண்டு பிரதியும் ஒய்122எக்ஸ் என்றால் அந்த மாத்திரையால் பலனில்லை. ஒன்று எஃப்508டெல் என்றால் பெரும்பாலும் பலனுண்டு. மருந்து பற்றி டாக்டரிடம் பேசும்போது அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், ஒரே மாதிரியான இரண்டு மாற்றங்கள் கொண்ட அண்ணனுக்கும் தங்கைக்கும் நோய் ஒரே அளவில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நுரையீரல் பாதிப்பு ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்.