மாரத்தான்ல மொராக்கோக்காரங்க யாராவது பெருசா சாதிச்சிருக்காங்களா?

மொராக்கோன்னாலே எல்லாரும் ஹிஷாம் எல் குரூஜ் பேரைத்தான் சொல்வாங்க, ஆனா அவர் 1500 மீட்டர் ஆளு. மாரத்தான்னா நான் சொல்றது ஜவாத் கரீப்.

அட்லஸ் மலைப் பக்கம் கெனிஃப்ரா ஊர்க்காரர், 1972ல பொறந்தவர், ஓட்டத்தை சீரியஸா எடுத்ததே 20 வயசு தாண்டித்தான். 2002ல உலக ஹாஃப் மாரத்தான்ல வெள்ளி வாங்கினாரு, அடுத்த வருஷம் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்ல 2:08:31ல ஓடி தங்கமே அடிச்சுட்டாரு, ரெண்டாவது வந்த ஸ்பெயின் ஹூலியோ ரேக்கும் அவருக்கும் வெறும் 7 செகண்ட்தான் வித்தியாசம்! 2005ல ஹெல்சின்கில நடந்த அடுத்த உலக சாம்பியன்ஷிப்லயும் தங்கம். அவருக்கு முன்னாடி இப்படி தொடர்ந்து ரெண்டு தடவை ஜெயிச்ச ஆம்பள ஸ்பெயினோட ஆபெல் ஆன்டோன் ஒருத்தர்தான்.

ஆனா என்னைக் கேட்டா அவரோட பெஸ்ட் ரேஸ் தோத்த ரேஸ்தான், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். ஆகஸ்ட் மாச வெயில், எல்லாரும் மெதுவாத்தான் போவாங்கன்னு நெனச்சா கென்யாவோட 21 வயசு வான்ஜிரு ஆரம்பத்துலயே பேய் மாதிரி இழுத்துட்டுப் போறான், முக்கால்வாசிப் பேர் கழண்டுட்டாங்க, 36 வயசு கரீப் மட்டும் விடாம பின்னாடியே போயி 2:07:16ல வெள்ளி. 1984லேர்ந்து நின்ன ஒலிம்பிக் ரெக்கார்டு 2:09:21, அன்னிக்கு அதுக்குள்ள முடிச்சது இவங்க ரெண்டு பேர் மட்டும்தான், மூணாவது ஆளு 2:10:00.

அதோட விட்டாரான்னா இல்ல, 2009 லண்டன்ல மூணாவதா வந்தாலும் 2:05:27, அதான் அவரோட பெஸ்ட் டைம்.