அம்மாவின் எலும்பும் நம் ஹார்மோனும்: மெனோபாஸுக்குப் பிந்தைய எலும்பு அடர்த்தி, கேள்வி-பதில்

அம்மாவுக்கு 68 வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எனக்கு 51, மாதவிடாய் நின்று ஒரு வருடம். ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், பணம்தான் வீண். எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் பரம்பரையால் வருவதுதான். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. ஆனால் அது ஏதோ ஒரு ஜீனின் வேலை அல்ல. வைட்டமின் டி ஏற்பி ஜீன்தான் காரணம் என்று 1994-ல் பெரிய பேச்சாக இருந்தது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வாதம் நிற்கவில்லை. இன்று எல்ஆர்பி5, டபிள்யூஎன்டி16 என்று நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் தெரியும். பெரும்பாலானவற்றின் பங்கு துளியளவுதான்.

ஜீன் ஆராய்ச்சியால் பயன் வந்தது வேறு வழியில். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும் அபூர்வ நோய் உண்டு. எஸ்ஓஎஸ்டி என்ற ஜீன் பழுதாகி, எலும்பு கட்டுவதை அடக்கிவைக்கும் ஸ்க்லரோஸ்டின் புரதம் உருவாகாமல் போவதே அதன் காரணம். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி கொடுத்தது.

உங்களுக்கு அம்மாவின் முறிவே போதுமான தகவல். எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கணிப்பானே 'பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா' என்று கேட்கிறது. பாட்டிக்குக் கூன் இருந்ததா என்றும் விசாரியுங்கள். வயதானால் கூன் விழுவது சகஜம் என்று நாம் விட்டுவிடுவதில் பல, யாரும் கண்டுபிடிக்காத முதுகெலும்பு முறிவுகள். உங்கள் உயரத்தையும் சுவரோடு நின்று அளந்து பாருங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகுக்கு எக்ஸ்ரே வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை 65 வயது வரை தள்ளிப்போடாமல் இப்போதே எடுங்கள். கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிலிருந்து ஈராண்டு பின்புவரைதான் இழப்பு மிக வேகம்: முதுகெலும்பில் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 2.5 சதவீதம்.

38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது 44. மெனோபாஸ் வரும் வயதில் எலும்பைப் பார்த்துக்கொண்டால் போதும்தானே?

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் 'பிஎஸ்ஓ' என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் மெனோபாஸ் அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆறு வருட இழப்பு ஏற்கெனவே கணக்கில் ஏறியாயிற்று. நம் ஊரில் முப்பதுகளிலேயே இப்படி எடுத்துவிட்டு, எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எலும்பை அரிக்கும் செல்கள் அடங்கியிருக்கும். அது வற்றியதும் ரேங்க்-லிகண்ட் என்ற தூண்டுபொருள் அதிகமாகி, அந்தச் செல்கள் பெருகும், நீண்ட நாள் வாழும். கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடியாது.

மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, கல்லீரல் நோய் போன்ற தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மெனோபாஸ் வரும் வயதான 50 வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாகக் கூடவே புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. ஹார்மோன் சிகிச்சை பற்றி 2002-ல் கிளம்பிய பயம் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பெண்களை வைத்து நடந்த ஆய்விலிருந்து வந்தது. அதை 44 வயதுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சினைப்பைகள் இருக்கின்றன என்றால் அவசரமில்லை, ஆனால் அவை சில வருடம் முன்னதாகவே ஓயலாம். மாதவிடாய் நின்றதா என்று பார்க்க வழியில்லாததால், உடல் திடீரெனச் சூடாகி வியர்த்தால், சினைப்பை ஓய்வதைக் காட்டும் எஃப்எஸ்எச் ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

வயது 67. டெக்ஸாவில் முதுகெலும்பு டி-ஸ்கோர் −1.1, தொடை எலும்புக் கழுத்து −2.6. எதை நம்புவது?

குறைந்ததை. டி-ஸ்கோர் என்பது உங்கள் அடர்த்தியை இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண். எந்த ஓர் இடத்தில் −2.5 அல்லது அதற்குக் கீழ் வந்தாலும் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய்தான். இந்த வயதில் முதுகெலும்பில் முளைத்திருக்கும் எலும்பு முட்களையும், முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பையும் சேர்த்தே இயந்திரம் அடர்த்தி என்று எண்ணிவிடும். மருந்துக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டுக்கான டிஎஸ்எச் பாருங்கள். அடுத்த ஸ்கேன் அதே இயந்திரத்தில். 2 சதவீத ஏற்ற இறக்கத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில் சேர்த்தே போடுகிறேன். சரியா?

இல்லை, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள், 1250 மி.கி. மாத்திரையில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். தைராய்டு மருந்து அதிகமாகி டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே கிடந்தால் அதுவே எலும்பைக் கரைக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்காக லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். எலும்பு தேயும் என்கிறார்களே?

தேயும். சினைப்பை ஓய்ந்த பிறகும், கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டிருக்கும். லெட்ரோசோல் அந்தக் கடைசி ஊற்றையும் அடைக்கிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெக்ஸா எடுத்துவிட்டு, எலும்பு அரிப்பைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமில ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4 மி.கி. தேவையா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சை உங்களுக்கு ஆகாது.

எலும்பு அரிப்பை அடக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி மூன்று போட்டேன். ஸ்கோர் ஏறிவிட்டது. நிறுத்தலாமா?

சும்மா நிறுத்தவே கூடாது. இதன் வேலை முடிந்ததும், அடக்கிவைத்த அரிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும். ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கியவர்கள் உண்டு. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அடுத்த ஊசிக்கான தேதியில் சோலெட்ரானிக் அமில ஊசியோ அலெண்ட்ரோனேட் மாத்திரையோ தொடங்க வேண்டும். அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒருமுறை: வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நல்ல நிலையிலேயே உடலில் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காபியோடு விழுங்கினால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும்.